காவல் மந்திரிசபையும் காபந்து அரசும்

பாறசாலையிலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இஞ்சிவிளையைக் கடந்தவுடன் களியக்காவிளை வந்துவிடுகிறது. சாலை ஒன்றே, மாநிலம் இரண்டு. இப்பகுதிக் கடைகளில் மலையாள நாளிதழ்களும் தமிழ் நாளிதழ்களும் அடுத்தடுத்துத் தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓர் அமைச்சரவை பதவி விலகிய பின்னரும், அடுத்த அமைச்சரவை பொறுப்பேற்கும் முன்னரும் உள்ள நாள்களில் இந்த நாளிதழ்களை அருகருகே வைத்துப் படித்தால் ஒரு புதுமை புலப்படும். மலையாள நாளிதழ் அந்த அமைச்சரவையைக் ‘காவல் மந்திரிசபை’ என்று எழுதும். தமிழ் நாளிதழ் ‘காபந்து அரசு’ என்று எழுதும். ஆங்கில நாளிதழ் ‘கேர்டேக்கர்’ என்றும், சில வேளைகளில் சற்றே ஏளனமாக ‘லேம் டக்’ என்றும் எழுதும்.

மாணவர்களே, இந்தப் பாடம் அச்சொற்களைப் பற்றியது. சொற்களின் பொருளை அறிந்தால் மட்டும் போதாது. அச்சொற்கள் குறிக்கும் காலத்தில் இந்த எல்லைப்புறச் சிற்றூர்களில் வாழ்ந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நாம் அறிதல் வேண்டும்.

முதலில் ‘லேம் டக்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நொண்டி வாத்து’ என்றாகும். இத்தொடர் அரசியலில் பிறந்தது அன்று; வணிகத்தில் பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரின் பங்குச் சந்தை ஒரு குறுகிய சந்தில் நடந்துவந்தது. வாங்கிய பங்குகளுக்குப் பணம் கட்ட இயலாமல் நொடித்துப்போனவன், தலைகுனிந்து அச்சந்தினை விட்டு வெளியேறுவான். அவனைப் பிறர் இவ்வாறு பழித்தனர். 1761ஆம் ஆண்டிலேயே ஆங்கில எழுத்தாளர் ஹோரேஸ் வால்போல் தம் மடலொன்றில் இத்தொடரைக் குறிப்பிடுகிறார். அடுத்த நூற்றாண்டில் அமெரிக்கர்கள் இதனை அரசியலுக்குக் கொண்டுவந்தனர். தேர்தலில் தோற்ற பின்னும், அல்லது மீண்டும் போட்டியிட வாய்ப்பில்லாத நிலையிலும், பதவிக்காலம் முடியும்வரை நாற்காலியில் அமர்ந்திருப்பவரைக் குறிக்க இது வழங்கலாயிற்று.

அமெரிக்காவில் இந்த இடைக்காலம் மிக நீண்டிருந்தது. நவம்பரில் தேர்தல் முடியும். புதிய குடியரசுத் தலைவர் மார்ச் 4ஆம் நாளன்றுதான் பதவி ஏற்பார். 1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் வென்றார். ஆயினும் 1861 மார்ச் வரை புக்கானனே பதவியில் இருந்தார். அந்த நான்கு மாதங்களுக்குள் தென்பகுதி மாநிலங்கள் ஏழு நாட்டைவிட்டுப் பிரிந்து சென்றுவிட்டன. இருப்பவரால் தடுக்க இயலவில்லை. வரப்போகிறவருக்கு அதிகாரம் இல்லை. இக்குறையை நீக்க 1933இல் அந்நாட்டின் அரசமைப்பில் இருபதாம் திருத்தம் ஏற்பட்டது. பதவியேற்பு நாள் ஜனவரி 20 ஆயிற்று.

சில மொழிபெயர்ப்புகளில் ‘நொண்டி வாத்து அரசு’ என்று எழுதுகிறார்கள். அது தமிழுக்கு வேண்டாத தொடர் என்பது என் கருத்து. ஒருவருடைய உடற்குறையை உவமையாக்கிப் பழிப்பது நன்றன்று என்பது ஒரு காரணம். நம்மிடமே அதனினும் பொருள் செறிந்த சொற்கள் உள்ளன என்பது மற்றொரு காரணம்.

‘காபந்து’ என்னும் சொல்லைப் பேச்சுவழக்கில் நீங்கள் கேட்டிருக்கலாம். “பத்திரத்தைக் காபந்து பண்ணி வை” என்று வீட்டில் பெரியோர் சொல்வதுண்டு. கெட்டுப்போகாமல், களவு போகாமல், பிறர் கையில் சிக்காமல் பார்த்துக்கொள் என்பது பொருள். ‘காவல்’ என்பது ‘கா’ என்னும் வினையடியிலிருந்து தோன்றிய தொழிற்பெயர். தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பொருளில் வழங்குவது. ஆகவே நெய்யாற்றின்கரையில் மலையாளம் படிக்கும் உங்கள் தோழருக்கும் தமிழ் படிக்கும் உங்களுக்கும் இச்சொல் பொதுச்சொத்து.

இலக்கணம் கற்போர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘காவல் மந்திரிசபை’ என்பதை விரித்தால் ‘காவலைச் செய்யும் மந்திரிசபை’ என வரும். ‘ஐ’ என்னும் உருபும் ‘செய்யும்’ என்னும் பயனும் மறைந்து நிற்பதால் இது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஆங்கிலத் தொடர் பதவியில் இருப்பவருடைய இயலாமையைக் காட்டுகிறது. நம் தொடரோ அவர் செய்ய வேண்டிய வேலையைக் காட்டுகிறது. தோப்புக்குக் காவல் இருப்பவர் புதிதாகக் கன்று நடுவதில்லை; குலையை வெட்டி விற்பதும் இல்லை. ஆனால் மாடு நுழைந்தால் விரட்ட வேண்டும்; வேலி சாய்ந்தால் நிமிர்த்த வேண்டும்; வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளில் மடையைத் திறந்துவிட வேண்டும். உரியவர் வரும் நாளில் தோப்பு தோப்பாகவே இருக்க வேண்டும்.

‘இடைக்கால அரசு’ என்னும் தொடரை இதனோடு குழப்பிக்கொள்ளுதல் கூடாது. 1946 செப்டம்பர் 2ஆம் நாள் நேரு தலைமையில் அமைந்தது இடைக்கால அரசு. அது புதிதாக அமைக்கப்பட்டது. போகிற அரசு அன்று. காபந்து அரசோ, ஏற்கெனவே இருந்து, போக வேண்டிய நிலையில், போகாமல் நிற்பது.

இனி நம் ஊர்ப்பக்கத்துக் கதைக்கு வருவோம்.

1953ஆம் ஆண்டில் ‘கேரளம்’ என்னும் மாநிலம் இல்லை. திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் இருந்தது. இப்போது நாம் எல்லை என்று சொல்லும் கோடும் அன்று இல்லை. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை ஆகிய வட்டங்கள் அனைத்தும் திருவனந்தபுரத்திலிருந்து ஆளப்பட்டன. பாறசாலைக்காரரும் களியக்காவிளைக்காரரும் ஒரே சட்டமன்றத்திற்கு உறுப்பினரை அனுப்பினர்.

1952இல் நடந்த தேர்தலில் அச்சட்டமன்றத்தின் இடங்கள் 108. காங்கிரசுக் கட்சி 44 இடங்களை வென்றது. தமிழர் வாழும் பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டும் என்று கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 8 இடங்களை வென்றது. மார்ஷல் நேசமணி என்று மக்கள் போற்றிய வழக்கறிஞர் நேசமணி அவ்வியக்கத்தின் முதன்மைத் தலைவருள் ஒருவர். ஏ. ஜே. ஜான் முதலமைச்சரானார். பெரும்பான்மைக்கு 55 பேர் வேண்டும். காங்கிரசுக்கோ 44 பேர்தான். ஆகவே பிறருடைய ஆதரவை நம்பியே அந்த அமைச்சரவை நின்றது. அந்த ஆதரவில் தென்பகுதித் தமிழ் உறுப்பினர்களின் பங்கு பெரிது.

அவர்களுடைய கோரிக்கை நிறைவேறவில்லை. எனவே ஆதரவைத் திரும்பப் பெற்றனர். 1953 செப்டம்பரில் அமைச்சரவை சட்டமன்றத்தில் தோற்றது.

இங்கேதான் நம் பாடச் சொல் உயிர்பெறுகிறது. தோற்ற அமைச்சரவை வீட்டுக்குப் போகவில்லை. சட்டமன்றம் கலைக்கப்பட்டது, தேர்தல் நடக்கும்வரை ஜான் அமைச்சரவையே காவல் மந்திரிசபையாகத் தொடர்ந்தது. அக்காலத்தில் அம்மாநிலத்திற்கு ஆளுநர் இல்லை. திருவிதாங்கூர் மன்னராக இருந்த சித்திரைத் திருநாள் பலராம வர்மா, ராஜப்பிரமுகர் என்னும் பெயரில் அப்பொறுப்பை வகித்தார். 1954 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. மார்ச் 16ஆம் நாள் பட்டம் தாணு பிள்ளை முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். ஏறத்தாழ ஆறு மாதங்கள் காவல் மந்திரிசபையே ஆண்டது.

சட்டமன்றம் கலைந்தால் யார் பதவி இழக்கிறார்கள்? தோற்ற அமைச்சர்களா, தோற்கடித்த உறுப்பினர்களா? பலரும் முன்னவர் என்றே நினைப்பார்கள். உண்மை வேறு. சட்டமன்றம் கலைந்த அந்த நொடியிலேயே உறுப்பினர் அனைவரும் உறுப்பினர் என்னும் நிலையை இழந்துவிடுகின்றனர். அமைச்சர்களோ அடுத்த அமைச்சரவை வரும்வரை தொடர்கின்றனர். விளவங்கோட்டிலிருந்தும் அகஸ்தீசுவரத்திலிருந்தும் சென்று, வாக்களித்து, ஓர் அமைச்சரவையை வீழ்த்தியவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினர். வீழ்ந்தவர் கோப்புகளில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார். சபாநாயகர் மட்டும் இதற்கு விலக்கு. சபை கலைந்தாலும், புதிய சபை முதன்முதலாகக் கூடுவதற்குச் சற்று முன்புவரை அவர் பதவியில் இருப்பார் என்று அரசமைப்பின் 179ஆம் உறுப்பு கூறுகிறது.

அந்த ஆறு மாதங்களில் மற்றொன்றும் நிகழ்ந்தது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. மொழிவழி மாநிலக் கோரிக்கை நாடெங்கும் வலுத்தது. டிசம்பர் 29ஆம் நாள் நடுவணரசு மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை அமைத்தது. ஃபசல் அலி தலைவர். ஹிருதயநாத் குன்ஸ்ருவும் கே. எம். பணிக்கரும் உறுப்பினர்கள். இந்த ஊர்கள் எந்த மாநிலத்தைச் சேர வேண்டும் என்னும் கேள்விக்கு விடை காணும் ஆணையம் பிறந்த அந்நாளில், திருவனந்தபுரத்தில் சட்டமன்றம் இல்லை. காவல் மந்திரிசபை மட்டும் இருந்தது. ‘எங்கள் ஊர் எங்கே சேரும்?’ என்று எழுந்து கேட்க நெய்யாற்றின்கரைக்கோ விளவங்கோட்டுக்கோ அந்தச் சபையில் ஒரு குரல் இல்லை. இதனால்தான் எல்லை இவ்வாறு அமைந்தது என்று சொன்னால் அது மிகையாகும். ஆணையம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பணியாற்றியது; அதற்குள் தேர்தலும் வந்துவிட்டது. ஆயினும் சபை இல்லாத காலம் என்பது வெறும் காத்திருப்புக் காலம் அன்று என்பதை இது காட்டுகிறது. அந்தக் காலத்திலும் உலகம் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

1954 தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களைப் பெற்றது. ஆனால் வெறும் 19 இடங்களை வென்ற பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை, காங்கிரசின் வெளியாதரவுடன் முதலமைச்சரானார். அவருடைய ஆட்சியில், 1954 ஆகஸ்டு 11ஆம் நாள், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. 1955 பிப்ரவரியில் அந்த அமைச்சரவையும் வீழ்ந்தது. பனம்பிள்ளி கோவிந்த மேனோன் வந்தார். அவருடைய அமைச்சரவையும் நிலைக்கவில்லை. 1956 மார்ச் 23ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைமுறைக்கு வந்தது.

குடியரசுத் தலைவர் ஆட்சி காபந்து அரசினும் வேறானது. காபந்து அரசில் இருப்பவர் ஒருகாலத்தில் மக்கள் தேர்ந்தெடுத்தவர். நாளை மீண்டும் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டியவர். அந்த அச்சம் அவருக்கு ஓரளவு கடிவாளமாகும். குடியரசுத் தலைவர் ஆட்சியிலோ மாநிலத்தில் அமைச்சரவையே இராது. நடுவணரசின் பொறுப்பில் அதிகாரிகள் ஆள்வர்.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கோரிக்கைப் பட்டியலில் இருந்தும் கேரளத்திலேயே நின்றது. அன்று காலை இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை பிறந்தது. எல்லைக்கு அப்பால் இருந்தவர்களுக்குக் காமராசர் முதலமைச்சர் ஆனார். அவர்கள் அவருடைய சட்டமன்றத்திற்கு வாக்களித்தவர்கள் அல்லர். எல்லைக்கு இப்பால் இருந்தவர்களுக்கோ முதலமைச்சரே இல்லை. 1957 ஏப்ரல் 5ஆம் நாள் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு பொறுப்பேற்றபோதுதான் பாறசாலைக்கு மீண்டும் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவை கிடைத்தது. ஓராண்டுக்கும் மேல்!

கேரளத்தின் தேர்தல் வரலாற்றில் இதற்கு நேர்மாறான விந்தை ஒன்றும் உண்டு. 1965 மார்ச்சில் தேர்தல் நடந்தது. 133 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. சட்டமன்றம் ஒரு நாள்கூடக் கூடாமலேயே கலைக்கப்பட்டது. போக வேண்டியவர் போகாமல் இருப்பதற்குப் பெயர் உண்டு; வர வேண்டியவர் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதற்கு எந்த மொழியில் பெயர் உண்டோ, நீங்கள்தான் தேடிச் சொல்ல வேண்டும்.

காபந்து அரசு எதைச் செய்யலாம்? எதைச் செய்யக் கூடாது? நம் அரசமைப்பில் இச்சொல் எங்கும் இல்லை. அமைச்சரவை இருக்க வேண்டும் என்று மட்டுமே அது கூறுகிறது. 1970 டிசம்பரில் மக்களவை கலைக்கப்பட்டது. மக்களவை கலைந்தபின் இந்திரா காந்தி தலைமை அமைச்சராகத் தொடர்வது செல்லாது என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். மக்களவை இல்லாவிட்டாலும் குடியரசுத் தலைவருக்கு அறிவுரை கூற அமைச்சரவை எப்போதும் இருந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது. ஆகவே சட்டப்படி காபந்து அரசும் முழு அரசே. கட்டுப்பாடு பெரும்பாலும் மரபிலிருந்து வருகிறது: அன்றாடப் பணிகளைச் செய்யலாம், ஊதியம் தரலாம், வெள்ளம் வந்தால் மீட்புப் பணி நடத்தலாம். புதிய கொள்கைகளை அறிவித்தல், பெரிய பதவிகளை நிரப்புதல், நெடுநாள் ஒப்பந்தங்களில் கையெழுத்திடுதல் ஆகியவற்றை அடுத்து வருபவருக்கு விட்டுவிட வேண்டும்.

தேர்தல் அறிவிக்கப்பட்டபின் தேர்தல் நடத்தை விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. இந்த விதிகளின் பிறப்பிடம் எது தெரியுமா? நீங்கள் வாழும் இந்தக் கேரளந்தான். 1960 பிப்ரவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலுக்காக இங்கே வகுக்கப்பட்ட நடத்தை நெறியே பின்னர் இந்தியா முழுமைக்கும் விரிந்தது. ஆளுங்கட்சி அரசு வண்டிகளையும் அரசுப் பணத்தையும் தேர்தலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்னும் பகுதி 1979இல் சேர்க்கப்பட்டது.

மரபு எளிதாகச் சொல்லிவிடலாம், கடைப்பிடிப்பது கடினம். 1991 மார்ச் 6ஆம் நாள் தலைமை அமைச்சர் சந்திரசேகர் பதவி விலகினார். ஜூன் 21ஆம் நாள் நரசிம்ம ராவ் பொறுப்பேற்கும்வரை அவர் காபந்துத் தலைமை அமைச்சராக இருந்தார். அந்த மாதங்களில் நாட்டின் அன்னியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. வெளிநாட்டுக் கடன் தவணையைச் செலுத்தத் தவறும் நிலை நெருங்கியது. மே மாதத்தில் 20 டன் தங்கம், பின்னர் மீட்டுக்கொள்ளும் ஏற்பாட்டுடன், சுவிட்சர்லாந்து வங்கியொன்றுக்கு விற்கப்பட்டது. அதே மே மாதம் 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் முன்னாள் தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். தேர்தலின் எஞ்சிய கட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன.

காவல் இருப்பவர் வீட்டு நகையை அடகு வைக்கலாமா? கூடாது என்பதே பொதுவான விடை. ஆனால் உரியவர் வருவதற்குள் வீடே ஏலத்திற்குப் போய்விடும் என்றால்? நகையைக் காப்பதா, வீட்டைக் காப்பதா? சந்திரசேகர் அரசு செய்தது சரியே என்று நான் கருதுகிறேன். தவறு என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதத்திலும் பொருள் உண்டு. வகுப்பில் இருபக்கமும் நின்று பேசிப் பாருங்கள்.

தில்லியையும் திருவனந்தபுரத்தையும் விட்டு, இனி உங்கள் தெருவுக்கு வருவோம். உங்களுள் பலருடைய பெற்றோர் தொழிலின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள். சிலருக்கு வாக்கு இங்கே இருக்கும். சிலருக்கு வாக்கு இன்னும் சொந்த ஊரில் இருக்கும். வாக்கு எங்கிருந்தாலும் குழாயில் தண்ணீர் இங்கேதான் வர வேண்டும். தெருவிளக்கு இங்கேதான் எரிய வேண்டும். அவற்றுக்குப் பொறுப்பானவை கிராமப் பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும். அவற்றின் காலம் ஐந்தாண்டு. அதற்குமேல் நீட்டிக்க முடியாது. அக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசமைப்பின் 243ஈ, 243யூ ஆகிய உறுப்புகளின் ஆணை.

இங்கே ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. சட்டமன்றம் கலைந்தாலும் முதலமைச்சர் காபந்து முதலமைச்சராகத் தொடரலாம். பஞ்சாயத்தின் ஐந்தாண்டு முடிந்தால் தலைவரும் உறுப்பினரும் அன்றே போக வேண்டியவர்கள். அங்கே காபந்துத் தலைவர் என்று ஒருவர் இல்லை. பிறகு யார்?

எல்லைக்கு இப்பக்கமும் அப்பக்கமும் இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் கேரளத்தின் உள்ளாட்சித் தேர்தல் சற்றுத் தள்ளிப்போயிற்று. நவம்பர் 11ஆம் நாளுடன் பழைய குழுக்களின் காலம் முடிந்தது. அதிகாரிகள் அடங்கிய நிருவாகக் குழுக்கள் பொறுப்பேற்றன. டிசம்பரில் தேர்தல் நடந்தது. டிசம்பர் 21ஆம் நாள் புதிய உறுப்பினர்கள் பதவியேற்றனர். இடைவெளி ஏறத்தாழ நாற்பது நாள்.

தமிழகத்திலோ 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது. தேர்தல் வழக்குகளில் சிக்கியது. தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். கன்னியாகுமரி மாவட்டத்து ஊராட்சிகளில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் இறுதியில். மூன்றாண்டுகளுக்கும் மேலாக, எல்லைக்கு அப்பால் உள்ள சிற்றூரில் ‘எங்கள் வார்டு உறுப்பினர்’ என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இல்லை. இப்பால், பாறசாலையிலும் காரோட்டிலும் அதே காலத்தில் வார்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். எல்லையின் இருபுறமும் உறவினரைக் கொண்ட குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

தனி அலுவலர் தீயவர் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நேர்மையாகவும் விரைவாகவும் பணிசெய்த அலுவலர் பலர் உண்டு. ஒருவருக்கே பல ஊராட்சிகளின் பொறுப்பு வந்து சேரும்போது அவர்தாம் என்ன செய்வார்? ஆனால் அவரை நியமித்தவர் மேலே இருக்கிறார். அவர் விடை சொல்ல வேண்டியதும் மேலேதான். காலையில் தேநீர்க் கடையில் வழிமறித்து, “தம்பி, ஒரு வாரமாகத் தண்ணீர் வரவில்லையே, என்ன செய்தாய்?” என்று ஒரு பாட்டி கேட்க வேண்டுமென்றால், அவருடைய வாக்கினால் வந்தவர் ஒருவர் அந்தத் தெருவில் இருக்க வேண்டும். பதவிக்காலம் முடியப்போகிறவராய் இருந்தாலும் கேட்கலாம். ‘இன்னும் இரண்டு மாதத்தில் போய்விடுவேன்’ என்று அவர் விடை சொன்னால், ‘அதுவரை இருக்கிறாய் அல்லவா?’ என்று திருப்பிக் கேட்பதற்கு அந்தப் பாட்டிக்கு உரிமை உண்டு.

திருவிதாங்கூர்ப் பகுதியில் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதைப் ‘பாட்டம்’ என்பர். பாட்டம் முடியும் ஆண்டில் சிலர் வாழைக்கு எரு இடமாட்டார்கள். அடுத்து வருபவனுக்கு நான் ஏன் இட வேண்டும் என்பார்கள். வேறு சிலர், இருக்கும்வரை மண்ணை மண்ணாக வைத்திருப்பார்கள். நிலத்தைத் திருப்பி வாங்கும் உடையவர், மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தே இருவரையும் இனங்கண்டுகொள்வார். வாக்காளரும் நிலத்தின் உடையவரே. ஆனால் எந்த ஆண்டில் எரு நின்றது என்று நினைவு வைத்திருந்தால்தான் அவரால் இனங்காண முடியும்.

சொற்பொருள்

காபந்து – பாதுகாப்பு, கெடாமல் வைத்திருத்தல்
ராஜப்பிரமுகர் – 1956 வரை சில மாநிலங்களில் ஆளுநருக்கு ஒப்பான பொறுப்பு வகித்த முன்னாள் மன்னர்
வெளியாதரவு – அமைச்சரவையில் சேராமல் வெளியிலிருந்து தரும் ஆதரவு
வட்டம் – தாலுகா
பாட்டம் – குத்தகை
எரு – உரம்

பயிற்சி

1. ‘காவல் மந்திரிசபை’ என்னும் தொடரின் இலக்கணக் குறிப்பினை விளக்குக. இதே வகையில் அமைந்த வேறு மூன்று தொடர்களை உம் பேச்சிலிருந்து எடுத்து எழுதுக.

2. 1952 தேர்தலில் காங்கிரஸ் பெற்ற இடங்களோடு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பெற்ற இடங்களைக் கூட்டுக. பெரும்பான்மைக்கு மேலும் எத்தனை உறுப்பினர் தேவைப்பட்டனர்? எட்டே உறுப்பினர் ஓர் அமைச்சரவையை வீழ்த்துவதில் பெரும்பங்கு வகிக்க முடிந்தது எவ்வாறு என்பதை ஐந்து வரிகளில் எழுதுக.

3. காபந்து அரசு, இடைக்கால அரசு, குடியரசுத் தலைவர் ஆட்சி ஆகிய மூன்றுக்கும் பாடத்திலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.

4. காபந்து அரசு ஒன்றின் முன் கீழ்க்கண்டவை வருகின்றன: புயல் நிவாரணம், புதிய வரி, ஆசிரியர்களின் மாத ஊதியம், முப்பதாண்டுக்கான மின்சார ஒப்பந்தம், பள்ளித் தேர்வு. எவற்றைச் செய்யலாம், எவற்றை அடுத்த அரசுக்கு விட வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறுக. ‘இரண்டும் சரி’ என்று தோன்றும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, 1991 நிகழ்வோடு ஒப்பிட்டு எழுதுக.

5. உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவருக்கு வாக்கு எந்த ஊரில் உள்ளது என்றும், அவ்வூரில் இப்போது வார்டு உறுப்பினர் யார் என்றும் கேட்டு எழுதுக. அங்கே உறுப்பினர் இல்லையெனில், ஊர்த் தேவைகளுக்கு யாரிடம் விண்ணப்பிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுக. பின்னர் நீவிர் வாழும் பஞ்சாயத்தின் ஐந்தாண்டுக் காலம் எந்த மாதத்தில் முடிகிறது என்பதைக் கண்டறிந்து, அதனைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைக்க.